வீட்டுமனைத் தளத்தில் தன்னார்வலர்கள்: ஒரு வணிக அகழாய்வின் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

கிழக்கு இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தின் ஓரம், வீடுகள் கட்டுவதற்காக வாங்கிய நிலத்தில் நடந்த அகழாய்வு இது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தொல்லியலாளர்களும் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் தன்னார்வலர்களும் அதில் சேர்ந்து தோண்டினார்கள். பாதியில் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டு, வேறு வடிவில் மறுபடி தொடங்கியது. ஊர், நிறுவனம், ஆட்கள் எதன் பெயரையும் இங்கே சொல்லவில்லை. அகழாய்வு நிறுவனத்தில், தளத்திலிருந்து வரும் பானை ஓடுகளைக் கழுவி வகைபிரிக்கும் அறையில் நான் வேலை பார்த்தேன். தளத்துக்கும் அவ்வப்போது போனேன். நான் பார்க்காத இடங்களைப் பதிவுத் தாள்களிலிருந்தும் கூட இருந்தவர்கள் பிறகு சொன்னதிலிருந்தும் எழுதுகிறேன்.

பின்னணி

நம்மூரில் அகழாய்வு என்றால் அரசு தோண்டுவது. பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவார்கள், தொல்லியல் துறை குழி போடும். இங்கிலாந்தில் இன்று நடக்கும் அகழாய்வுகளில் பெரும்பாலானவை அப்படி அல்ல. நிலத்தில் கட்டடம் எழுப்ப வருகிறவர்தான் செலவை ஏற்க வேண்டும். 1990 நவம்பரில் அரசு வெளியிட்ட திட்டமிடல் வழிகாட்டுக் குறிப்பு 16 இதற்கு அடித்தளம் போட்டது. அதற்கு முந்தைய ஆண்டு லண்டனின் பேங்க்சைடில், ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குக் கீழே வெளிப்பட்டு, பெரிய போராட்டமே நடந்தது. அந்தச் சூடும் இந்தக் குறிப்புக்கு ஒரு காரணம். 2012 முதல் இந்த விதி தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகத்துக்குள் இருக்கிறது. அழியப்போகும் தொல்பொருளின் முக்கியத்துவத்துக்கு ஏற்ற அளவில் கட்டுபவர் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவைப் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

இதிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது. கட்டுமான நிறுவனம் டெண்டர் விடும், அகழாய்வு நிறுவனங்கள் விலை கேட்கும். உள்ளாட்சியின் தொல்லியல் ஆலோசகர் ஆய்வுத் திட்டத்தை அங்கீகரித்துத் தளத்தை வந்து பார்ப்பார். தொழில்முறைத் தரத்தைக் கவனிக்க ஓர் அமைப்பு இருக்கிறது. 1982-ல் தொடங்கி, 2014-ல் அரச சாசனம் பெற்ற பட்டயத் தொல்லியலாளர் கழகம் அது. தன்னார்வலரை வைத்துச் சம்பள ஆளைக் குறைக்கக் கூடாது என்பது கழகத்தின் நிலைப்பாடு.

தன்னார்வலர் என்பவர் இந்த நாட்டுத் தொல்லியலுக்கு வெளியாள் அல்ல. அரிக்கமேட்டின் வழியாக நமக்குத் தெரிந்த மார்ட்டிமர் வீலர், அதற்கு முன் 1934 முதல் 1937 வரை டோர்செட்டில் மெய்டன் காசில் கோட்டையைத் தோண்டியபோது, கூலியாட்களோடு மாணவர்களும் ஆர்வலர்களும் கூட இருந்தார்கள். 1961 முதல் 1971 வரை வின்செஸ்டரில் நடந்த பெரிய அகழாய்வுக்குப் பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் வந்து தோண்டினார்கள். அந்தத் தலைமுறையில் வளர்ந்த இன்றைய எழுபது வயதுக்காரர்களுக்கு, 1990-க்குப் பிறகு வேலியும் தலைக்கவசமும் வந்து தங்களை வெளியே நிறுத்திவிட்டது போல ஒரு வருத்தம் உண்டு. அது நியாயமான வருத்தம்தான். இந்த நிகழ்வில் யாரும் அதைக் கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்திக்கொள்ளவில்லை. ஆனாலும் அது பயன்படுத்தப்பட்டது.

தளமும் டெண்டரும்

சோதனைக் குழிகள் போட்டுப் பார்த்ததில், இரும்புக் காலக் கடைசியையும் ரோமானிய ஆட்சிக் காலத்தையும் சேர்ந்த எல்லைப் பள்ளங்கள், வட்ட வீட்டைச் சுற்றி ஓடும் மழைநீர்ச் சால், தானியக் குழிகள் ஆகியவை தெரிந்தன. வீடு கட்டப்போகும் பகுதி முழுவதையும் திறந்து தோண்ட வேண்டும் என்று அனுமதியில் நிபந்தனை போடப்பட்டது. பள்ளங்களின் நீளத்தில் 10 சதவீதம், குழிகளில் பாதி, கட்டட எச்சம் என்றால் முழுவதும் கையால் தோண்ட வேண்டும். இதெல்லாம் வழக்கமான அளவுதான்.

மேல்மண்ணைப் பல் இல்லாத அகல வாளி பொருத்திய ஜேசிபியால் சுரண்டி எடுப்பார்கள். தொல்லியலாளர் ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குக் கீழே கரணை வேலை. செலவில் பெரும்பங்கு இந்தக் கை வேலையின் கூலிதான். டெண்டரில் விலை குறைய வேண்டும் என்றால் குறைக்கக்கூடிய இடமும் அதுவே.

எங்கள் நிறுவனம் கேட்ட விலைதான் இருந்ததிலேயே குறைவு. ஆய்வுத் திட்டத்தில் ஒரு வரி இருந்தது: உள்ளூர் மக்கள் மேற்பார்வையின் கீழ் பங்கேற்க வாய்ப்பளிக்கப்படும். இதைப் படித்த ஆலோசகர் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார். யார்தான் போடமாட்டார்கள்? ஆனால் ஆலோசகரிடம் போவது ஆய்வுத் திட்டம் மட்டும்தான். விலைப் பட்டியல் கட்டுமான நிறுவனத்துக்கும் எங்களுக்கும் இடையில் இருப்பது. அந்தப் பட்டியலில், எல்லைப் பள்ளங்களைக் கையால் தோண்டுவதற்கான ஆள்நாட்களில் ஒரு பகுதி தன்னார்வலர் கணக்கில், சைபர் விலையில் போடப்பட்டிருந்தது.

பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த வரிசைதான். தளத்தில் எவரும் கால் வைப்பதற்கு முன்பே தன்னார்வலரின் உழைப்பு லாபக் கணக்குக்குள் போய்விட்டது.

முதல் வாரங்கள்

சங்கத்தின் உறுப்பினர்கள் பலர் பல ஆண்டுகளாக உழுத வயல்களில் நடந்து ஓடு பொறுக்கியவர்கள். ஊரின் மண் அவர்களுக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, எங்கள் இளம் ஆட்களுக்கே ரோமானியர் காலச் சாம்பல் நிற ஓட்டையும் இடைக்காலச் சாம்பல் நிற ஓட்டையும் விளிம்பைத் தடவிப் பிரித்துக் காட்டினார். முதல் வாரத்தில் தளம் முழுக்கச் சந்தோஷம்.

அப்புறம் பட்டியல் வந்தது. இன்னார் செவ்வாய் காலை 9 மணிக்கு, இன்னார் வியாழன், இந்தப் பள்ளத்தின் இந்த வெட்டு (பள்ளத்துக்குக் குறுக்கே தோண்டும் குழி) இந்த வாரத்துக்குள் முடிய வேண்டும் என்று மேற்பார்வையாளர் அட்டவணை போட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. டெண்டர் கணக்குப்படி அந்த வெட்டுகள் தன்னார்வலர் தலையில் இருந்தன. அவர்கள் வராவிட்டால் வேலை நிற்கும். தன்னார்வலர்களும் கடமையுணர்வோடு வந்தார்கள். காய்ச்சலோடு வந்தவரும் உண்டு.

அதே நேரம், குறுகிய கால ஒப்பந்தத்தில் இருந்த இளம் தொல்லியலாளர் இருவருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இந்தத் துறையில் அது சகஜம், தளத்துக்குத் தளம் மாறிப்போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இருவரில் ஒருவர், தான் தோண்டிக்கொண்டிருந்த பள்ளத்தின் அடுத்த வெட்டைச் சம்பளமில்லாத ஒருவர் தோண்டப்போவதைப் பார்த்தார். பட்டப்படிப்புக் கடனோடு, வாடகை அறையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிறவர் அவர். தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் பேசினார். தன்னார்வலர்கள் மீது அவருக்குக் கோபமில்லை. "அவங்க இல்லைன்னா இந்த வேலை எனக்கு இருந்திருக்குமா, இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்பதுதான் அவர் கேட்டது.

ஓட்டுப் பையில் தெரிந்தது

ஓடுகளைக் கழுவிக் காயவைத்துத் தோராயமாகக் காலம் குறிக்கும் வேலை, தளம் திறந்திருக்கும்போதே நடந்தது. வடக்கு எல்லைப் பள்ளத்திலிருந்து வந்த ஒரு பை எங்களை நிறுத்தியது. கிளிஞ்சல் தூள் கலந்து கையால் வனைந்த இரும்புக் கால ஓடுகளும், சக்கரத்தில் வனைந்த ரோமானியச் சாம்பல் ஓடுகளும், பளபளக்கும் சிவப்புச் சேமியன் ஓடு ஒன்றும் ஒரே பையில், ஒரே மண்படிவு என்ற எண்ணின் கீழ் இருந்தன. சேமியன் என்பது கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டிலிருந்து கப்பலில் வந்த சாப்பாட்டுப் பாத்திரம். அரிக்கமேட்டில் கிடைத்த அர்ரெட்டைன் ஓட்டுக்கு அடுத்த தலைமுறை என்று சொல்லலாம்.

பழைய ஓடு புதிய மண்ணில் விழுந்து கலப்பது நடப்பதுதான். ஆனால் இந்தத் தளத்தில் அந்தக் கலப்புக்கு இரண்டு அர்த்தம் இருந்தது. பள்ளம் ரோமானியர் காலத்தில் முதல் முறையாக வெட்டப்பட்டது, பழைய ஓடுகள் சுற்றுமண்ணிலிருந்து சரிந்து விழுந்தவை என்பது ஒன்று. இரும்புக் காலத்திலேயே வெட்டப்பட்ட பள்ளம் தூர்ந்துபோய், ரோமானியர் காலத்தில் அதே கோட்டில் மறுபடி வெட்டப்பட்டது என்பது மற்றொன்று. முதலாவது சரி என்றால், கி.பி. 43-க்குப் பிறகு வந்த புது ஆட்சியில் நிலம் புதிதாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. இரண்டாவது சரி என்றால், ஆட்சி மாறியும் தாத்தா காலத்து வரப்பு மாறவில்லை. இந்தத் தளத்திடம் கேட்கத் தகுந்த பெரிய கேள்வியே அதுதான்.

அந்த வெட்டின் பதிவுத் தாளை எடுத்துப் பார்த்தோம். தோண்டியவர் அந்த ஆசிரியை. மண்ணைப் பற்றி, சாம்பல் கலந்த பழுப்புக் களி வண்டல், ஆங்காங்கே சரளை, ஒரே படிவு என்று எழுதியிருந்தார். கூடவே பத்துக்கு ஒன்று அளவில் குறுக்குவெட்டு வரைபடம் இருந்தது. அதில் பள்ளத்தின் இடது விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை சாய்வாக இறங்கும் ஒரு வரிசைக் கூழாங்கற்களை, ஒவ்வொன்றாக, அளந்து வரைந்திருந்தார். மறுபடி வெட்டிய பள்ளத்தின் ஓரம் அது. அவர் கண் அதைப் பார்த்துவிட்டது, கை வரைந்துவிட்டது. அதற்கு என்ன பெயர் என்று சொல்ல ஆளில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: இந்தக் கற்களுக்கு மேலே மண் கொஞ்சம் கருப்பாகத் தெரிகிறதே, வேறு படிவா? தாளின் அடியில் மேற்பார்வையாளர் சரிபார்த்ததற்கான கட்டம் காலியாக இருந்தது.

இதைத் தன்னார்வலரின் தவறு என்று முடித்துக்கொள்ள அலுவலகத்தில் சிலர் தயாராக இருந்தார்கள். நாங்கள் அதே பள்ளத்தின் மற்ற வெட்டுகளையும் எடுத்துப் பார்த்தோம். சம்பள ஆட்கள் தோண்டியவற்றிலும் மறுவெட்டு பதிவாகவில்லை. அந்த வரைபடங்களில் கூழாங்கல் வரிசைகூட இல்லை, பொதுவான சரளைக் குறியோடு நிறுத்தியிருந்தார்கள். ஆக, இருந்த தாள்களிலேயே உபயோகமானது ஆசிரியையின் தாள்தான். மேற்பார்வையாளர் ஒருவர், அவர் பார்க்க வேண்டிய வெட்டுகளோ தளம் முழுக்க. புதியவர் ஒருவரை மேற்பார்க்க அனுபவசாலியைப் பார்ப்பதைவிட அதிக நேரம் வேண்டும் என்பது டெண்டர் கணக்கில் இல்லை. தன்னார்வலர் வந்தால் கூலி மிச்சம் என்று போட்டவர்கள், மேற்பார்வைக்கு ஆள் கூட வேண்டும் என்பதைப் போடவில்லை.

ஆலோசகரின் வருகை

வழக்கமான கண்காணிப்புக்கு வந்த ஆலோசகர் வேலியோரத்தில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தார். நிபந்தனைக்கு உட்பட்ட வெட்டுகளுக்கு எதிரே தன்னார்வலர் பெயர்கள். திட்டத்தில் சொன்ன ஆட்களில் எத்தனை பேர் இன்று தளத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டார். பதில் திருப்தியாக இல்லை. சரிபார்க்கப்படாத தாள்களைப் பற்றி எங்கள் அறையிலிருந்து திட்ட மேலாளருக்குப் போன குறிப்பும் அதே வாரம்தான் வந்து சேர்ந்தது.

நல்லவேளையாக யாரும் குரலை உயர்த்தவில்லை. ஆலோசகரிடம் கடுமையான ஆயுதம் ஒன்று இருந்தது. நிபந்தனை நிறைவேறவில்லை என்று சொல்லிவிட்டால் கட்டுமானமே நிற்கும். அதை அவர் வெளியே எடுக்கவில்லை. கட்டுமான நிறுவனம், நாங்கள், வரலாற்றுச் சங்கம் மூவரையும் உட்காரவைத்தார். சங்கத்தை அழைத்ததுதான் முக்கியம். இம்மாதிரிப் பேச்சுகளில் தன்னார்வலர்களைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள், அவர்கள் வெளியே தேநீர் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு: நிபந்தனைக்கு உட்பட்ட பகுதியில் தோண்டுவதும் பதிவு செய்வதும் இனிச் சம்பள ஆட்கள் மட்டும். இதற்குத் திறமை காரணமல்ல என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுத்தில் போட வேண்டும் என்று சங்கத் தலைவர் கேட்டார், போடப்பட்டது. காரணம் பொறுப்பு. வீடுகள் வந்த பிறகு அந்த மண் இல்லை, பதிவு மட்டும்தான் மிச்சம். அது சரியில்லை என்றால் யாரைக் கேட்பது? சம்பள ஆளை நிறுவனம் கேட்கலாம், நிறுவனத்தை ஆலோசகர் கேட்கலாம், கழகத்தில் உறுப்பினராக இருப்பவர்மேல் அங்கேயும் புகார் கொடுக்கலாம். சனிக்கிழமை அன்போடு வந்து உதவியவரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்பது அநாகரிகம்.

சட்டப் பக்கமும் இருந்தது. 1998-ம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் தன்னார்வப் பணியாளருக்கு ஒரு விலக்கு உண்டு. அறக்கட்டளை, தன்னார்வ அமைப்பு, அவற்றுக்கு நிதி திரட்டும் அமைப்பு, சட்டத்தால் உருவான பொது அமைப்பு ஆகியவற்றுக்குத்தான் அது. பெரிய அகழாய்வு நிறுவனங்களில் சில பதிவு பெற்ற அறக்கட்டளைகள். எங்களுடையது லாபத்துக்கு நடக்கும் கம்பெனி. கம்பெனிக்கு யாரும் சும்மா உதவவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் இன்ன நாள், இன்ன நேரம், இன்ன வேலை என்று கட்டாய அட்டவணை போட்டுவிட்டால், வந்தவர் தொழிலாளிதான், அவருக்கு ஊதியம் பாக்கி என்று வாதிட இடம் வந்துவிடும். வேலியில் தொங்கிய அந்தக் காகிதம் நிறுவனத்தின் வழக்கறிஞரை அதிகம் கவலைப்படுத்தியதாகக் கேள்வி.

இரண்டாவது முடிவு: தன்னார்வலர்களுக்குத் தனி இடம். மனைத் திட்டத்தின் ஓரத்தில் குழந்தைகள் விளையாட ஒரு புல்வெளி விடப்பட்டிருந்தது. அங்கே கட்டடம் வராது, ஆகவே நிபந்தனையும் இல்லை, கெடுவும் இல்லை. எல்லைப் பள்ளம் அதன் அடியிலும் ஓடியது. அங்கே சங்கமே பதிவு பெற்ற அறக்கட்டளை என்ற முறையில் தன் பெயரில் ஒரு சிறு அகழாய்வு நடத்தும், முழுநேர மேற்பார்வையாளர் ஒருவரின் சம்பளத்தைக் கட்டுமான நிறுவனம் கொடுக்கும் என்று பேசி முடிந்தது. இந்த வேலை நடக்காவிட்டால் எந்தச் சம்பளக்காரருக்கும் நஷ்டமில்லை, நடந்தால் கூடுதலாக ஒன்று தெரியவரும். இன்று இப்படியொரு பேச்சு வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

கட்டுமானத் தளத்தின் பாதுகாப்பு விதிகள் 2015-ம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி முதன்மை ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. புல்வெளியைத் தனி வேலி போட்டுப் பிரித்து, தனி வாசல் வைத்தார்கள். லாரி ஓடும் பாதையை எழுபது வயதுக்காரர்கள் கடக்க வேண்டியிருந்தது அதோடு நின்றது. இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று அந்த வாசலைப் பார்த்த எல்லோருக்கும் தோன்றியது.

மூன்றாவது, அந்தப் பள்ளத்தில் ஒரு புதிய வெட்டு. மறுவெட்டு உண்டா இல்லையா என்பதைத் தீர்த்தாக வேண்டும். அனுபவமுள்ள சம்பள ஆள் தோண்டுவார். ஆசிரியையை அருகே நின்று பார்க்க அழைத்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? கூடுதல் ஆள்நாட்களுக்கான செலவில் பெரும்பகுதியை எங்கள் நிறுவனம் தன் லாபத்திலிருந்து போட்டது. விலைப் பட்டியலில் சைபர் போட்டது நாங்கள்தான் என்பதால் கட்டுமான நிறுவனம் அதில் பிடிவாதமாக இருந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாத இருவரில் ஒருவர் திரும்பி வந்தார். தொழிற்சங்கத்திடம் பேசியவர் அதற்குள் வேறு நிறுவனத்தில் சேர்ந்திருந்தார்.

அடுத்து நடந்தது

புதிய வெட்டில் மறுவெட்டு தெளிவாகத் தெரிந்தது. வெட்டின் பக்கச் சுவரைச் சுத்தமாகச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, சூரியன் சாயும்வரை காத்திருந்து பார்த்தார்கள். சரிவான ஓரத்துக்குக் கீழே கிளிஞ்சல் கலந்த ஓடு மட்டும், மேலே சாம்பல் ஓடு. இரண்டும் தனித்தனிப் பையில் வந்தன. வரப்பு இரும்புக் காலத்தது, ரோமானியர் காலத்திலும் அதே கோட்டில் தொடர்ந்தது என்று அறிக்கையில் தயக்கமில்லாமல் எழுத முடிந்தது. பழைய வெட்டுகளின் ஓடுகளைப் பிரிக்க வழியில்லை, அவை கலப்பு என்றே பட்டியலில் போயின.

சங்கத்தில் எல்லோரும் சமாதானமாகவில்லை. நிபந்தனைப் பகுதியில் தோண்ட முடியாது என்றதும் சிலர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். தங்களை விளையாட்டுத் திடலுக்கு அனுப்பிவிட்டதாக ஒருவர் சொன்னது பலருக்கு உறைத்தது. வந்தவர்களுக்கோ புல்வெளி வேறு அனுபவமாக இருந்தது. கெடு இல்லாததால் ஒரு வெட்டை மெதுவாக, ஒவ்வொரு படிவாக, ஆளுக்கு ஆள் விவாதித்துத் தோண்ட முடிந்தது. பதிவுத் தாள் எழுதுவது, மட்டம் பார்ப்பது, படம் வரைவது எல்லாம் முறையாகக் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு தாளும் அன்றே சரிபார்க்கப்பட்டது.

உலோகம் தேடும் கருவியோடு உதவ வந்தவர்களிடம், இங்கே கிடைப்பதற்குப் பரிசுத்தொகை கேட்பதில்லை என்று முதல் நாளே கையெழுத்து வாங்கினார்கள். 1996-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி தற்செயலாகக் கண்டெடுத்தவருக்குப் பரிசு கிடைக்கலாம், அகழாய்வில் பங்கேற்பவருக்கு அது பொருந்தாது. பிறகு மனக்கசப்பு வராமல் இருக்க இந்தக் கையெழுத்து அவசியம். புதையல் எதுவும் வரவில்லை.

வந்தது எலும்புக்கூடு. புல்வெளி வெட்டின் ஓரத்தில் மண்டையோட்டின் வளைவு தெரிந்ததும் வேலையை நிறுத்தினார்கள். இங்கிலாந்தில் புதைத்த உடலை எடுக்க 1857-ம் ஆண்டின் புதையிடச் சட்டப்படி நீதி அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் வாங்குவது பெரிய சிரமமில்லை, கட்டடப் பகுதியில் கிடைத்த இரண்டு புதைகுழிகளுக்கு ஏற்கெனவே வாங்கியாயிற்று. சங்கத்தில் பலருக்கு எடுத்துப் பார்க்க ஆசை. மேற்பார்வையாளர் மறுத்தார். எடுத்தால் எலும்பியல் நிபுணர், ஆய்வு, அருங்காட்சியகத்தில் பெட்டிக்கு இடம் என்று தொடர்ச்செலவு வரும், சங்கத்திடம் அதற்குப் பணம் இல்லை. அதைவிட, அந்த இடத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை, எடுக்கக் காரணமும் இல்லை. இருப்பிடத்தை அளந்து குறித்துக்கொண்டு, மண்ணைப் போட்டு மூடினார்கள். ஆர்வத்தை அடக்கிக்கொண்டு மண்ணைத் திரும்பப் போடுவதும் தொழில்முறைத் தரம்தான். அந்த நாளில் சங்கத்தார் நடந்துகொண்ட விதம், கட்டடப் பகுதியில் அவசர அவசரமாக நாங்கள் செய்த பல காரியங்களைவிடப் பக்குவமாக இருந்தது.

அறிக்கையும் ஆவணமும்

தள வேலை முடிந்து அறிக்கை எழுதும்போது சங்கத்தின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. பல ஆண்டுகளாகச் சுற்று வயல்களில் நடந்து பொறுக்கிய ஓடுகள் அவர்கள் வீடுகளில் காலணிப் பெட்டிகளில், எந்த வயல், எந்த மூலை என்று எழுதிய சீட்டோடு இருந்தன. எங்கள் அகழாய்வு வேலியோடு முடிந்துபோனது. அவர்கள் ஓடுகளை வரைபடத்தில் வைத்ததும், எல்லைப் பள்ளம் வேலிக்கு வெளியே எந்தத் திசையில் போயிருக்கும், குடியிருப்பின் மையம் எங்கே இருந்திருக்கும் என்பது புலப்பட்டது. அந்த அத்தியாயத்தைச் சங்கத்தார் இருவர் எழுதினார்கள், அவர்கள் பெயரிலேயே வந்தது. தொல்லிடங்களைப் பதிந்துவைக்கும் மாவட்ட வரலாற்றுச் சூழல் பதிவேட்டிலும் அந்த வயல்கள் ஏறின. எந்த டெண்டரிலும் இதை விலைக்கு வாங்க முடியாது. இதைக் கேட்காமல் பள்ளம் தோண்டக் கூப்பிட்டோம்.

என்ன மாறியது, எது பாக்கி

ஆலோசகர் தன் வரையறைக் குறிப்பை மாற்றியிருக்கிறார். ஆய்வுத் திட்டத்தோடு பணியாளர் அட்டவணை ஒன்றும் வர வேண்டும். நிபந்தனை வேலைக்கான ஆள்நாட்கள் முழுதும் சம்பள ஆட்களால் நிரம்பியிருக்க வேண்டும், தன்னார்வலர் நேரம் அதற்குக் கீழே தனியாக, அவர்களை மேற்பார்க்கும் ஆளின் நேரத்தோடு சேர்த்துக் காட்டப்பட வேண்டும். விலை அவருக்கு இப்போதும் தெரியாது. ஆனால் ஆள்கணக்கு தெரிந்தால் விலையில் எங்கே ஓட்டை என்று ஊகிக்கலாம்.

எங்கள் நிறுவனத்தில், சரிபார்ப்புக் கட்டம் காலியாக உள்ள தாளோடு வரும் ஓட்டுப் பையை எங்கள் அறை ஏற்காது என்ற விதி வந்தது. தள ஆட்களுக்கு இதில் எரிச்சல்தான். மழையில் நின்று தோண்டிவிட்டு வந்தால், கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று முணுமுணுப்பு. ஆனால் பள்ளம் திறந்திருக்கும்போதே கேள்வி கேட்க வைக்கும் வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. சங்கங்களிடம் பேசப் போகும்போது முதல் சந்திப்பிலேயே அவர்களிடம் இருக்கும் பழைய சேகரிப்புகளைப் பற்றிக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

ஓடு கழுவுவது மட்டும் இன்னும் தீரவில்லை. தள வேலை நின்ற பிறகும் சங்கத்தார் சிலர் எங்கள் அறைக்கு வந்து, பல் துலக்கும் பிரஷ்ஷோடு உட்கார்ந்து ஓடு கழுவினார்கள். அவர்களுக்கு அது பிடித்திருந்தது. பேச்சும் தேநீருமாகப் பிற்பகல் போய்விடும். ஆனால் நிபந்தனைப்படி வந்த ஓடுகளைக் கழுவுவதும் நிபந்தனை வேலைதானே? முன்பெல்லாம் தொழிலில் புதிதாகச் சேர்கிறவர் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளும் முதல் படி அது. அதை இலவசமாக்கினால், சம்பளமில்லாமல் சில மாதம் தாக்குப்பிடிக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இந்தத் தொழிலுக்குள் வருவார்கள் என்பது என் வாதம். திட்ட மேலாளருக்கு இதில் உடன்பாடில்லை. கழுவுவதால் எந்தப் பதிவும் கெடாது, மக்களையும் வெளியே தள்ள வேண்டியதில்லை என்கிறார். இப்போதைக்கு ஓர் ஏற்பாடு ஓடுகிறது. நிபந்தனைத் தளத்து ஓடுகளைச் சம்பள ஆட்கள் கழுவுகிறார்கள், புல்வெளி ஓடுகளையும் சங்கத்தின் காலணிப் பெட்டி ஓடுகளையும் சங்கத்தார் அதே அறையில், அடுத்த மேசையில் கழுவுகிறார்கள். இரண்டு மேசைக்கும் வாளி ஒன்றுதான்.